குதிரை லாயத்தில் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குதிரையேற்றப் பயிற்சி லாயத்தில் பதினொரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் சைஸாக இருந்தேன். குதிரையை உடனிருந்து பராமரிப்பவரை இத்தொழிலில் அப்படித்தான் அழைப்போம். அதன்பின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். கேட்க மறந்துவிட்டுப் பிறகு வருந்துகிற கேள்விகளும் சில உண்டு. இரண்டுக்கும் என் அனுபவத்தில் தெரிந்த விடைகளை இங்கே எழுதுகிறேன்.

லாயத்தில் சேர்ந்தால் தினமும் குதிரை ஓட்டலாமா?

முதல் ஆறு மாதங்களுக்கு அந்த எண்ணத்தை ஒதுக்கி வையுங்கள். 450 கிலோ எடையுள்ள ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ லத்தி போடும். சிறுநீரில் நனைந்த மரத்தூளையும் வைக்கோலையும் சேர்த்தால், மூன்று குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் தினமும் நூறு கிலோவுக்குக் குறையாத கழிவை வாரித் தள்ளுவண்டியில் ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்ட வேண்டியிருக்கும். அதன்பிறகு தண்ணீர் சுமக்க வேண்டும், தீவனம் கலக்க வேண்டும், உடம்பைத் தேய்த்துவிட வேண்டும், குளம்பைச் சுத்தம் செய்ய வேண்டும், சேணத்தைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். இவற்றுக்கெல்லாம் பின்னர்தான் ஓட்டுவது வரும். அதுவும் வகுப்புக்கு வரும் மாணவர்களுக்கு உரியது. சைஸின் பங்கு பெரும்பாலும் குதிரையைப் பிடித்துக்கொண்டு உடன் நடப்பதும், நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடுவதுமே.

இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் லத்தியை வாரும்போதுதான் ஒரு குதிரையின் உடல்நிலை முதலில் தெரிய வருகிறது. எத்தனை முறை போட்டிருக்கிறது, உருண்டையாக இருக்கிறதா, இளகியிருக்கிறதா, மேலே சளி படிந்திருக்கிறதா, செரிக்காத தானியம் கலந்திருக்கிறதா என்பதைக் கூட்டுமாறு பிடிப்பவரைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. எங்கள் லாயத்தில் நல்ல பெயர் எடுத்த சைஸ்கள் எல்லோரும் இந்த வேலையை வேறொருவர் தலையில் கட்டாதவர்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 4.30 மணிக்கு விளக்கைப் போடுகிறோம். முதல் பத்து நிமிடங்கள் எந்த வேலையும் செய்யாமல் ஒவ்வொரு கொட்டடியின் முன்னும் நின்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. இரவுத் தீவனம் மீதமிருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா, நான்கு கால்களிலும் எடையைச் சமமாக வைத்து நிற்கிறதா, காது நம் பக்கம் திரும்புகிறதா என்று கவனிக்கிறோம். குதிரை பின்னங்கால் ஒன்றை மாற்றி மாற்றித் தளர்த்தி நிற்பது இயல்பு. முன்னங்காலை நீட்டி வைத்து நின்றால் அங்கே வலி இருக்கக்கூடும்.

5 மணிக்குச் சிறிதளவு தீவனம், பிறகு உடம்பு தேய்ப்பு. 6 முதல் 8.30 வரை வகுப்புகள். அதன்பின் குளிப்பாட்டல், புல், கொட்டடி சுத்தம். பதினொரு மணி முதல் மூன்று மணி வரை குதிரைக்கும் நமக்கும் ஓய்வு. மாலை 4 முதல் 6.30 வரை மறுபடியும் வகுப்பு. இரவு எட்டரை மணிக்குக் கடைசிச் சுற்று. இரவுக் காவல் முறைவைத்து வரும். பகலில் நான்கு மணி நேரம் கையில் இருப்பது வசதிபோலத் தோன்றினாலும், குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு சாப்பிடும் வாய்ப்பு குறைவு என்பதை மணமானவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

குதிரையை அருகில்கூடப் பார்த்ததில்லை. சேர முடியுமா?

முடியும். மாடு வளர்த்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள், ஒரு விஷயத்தைத் தவிர: மாட்டை அணுகும் துணிச்சலோடு குதிரையை அணுகிவிடுகிறார்கள். மாடு பெரும்பாலும் நின்று எதிர்க்கும். குதிரை முதலில் ஓடத்தான் பார்க்கும், ஓட வழியில்லாதபோது உதைக்கும்.

குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், தன்னைச் சுற்றிலும் ஏறத்தாழ 350 பாகை அளவுக்கு அதனால் பார்க்க முடியும். பார்க்க முடியாத இடங்கள் இரண்டுதான்: வாலுக்கு நேர் பின்னால் உள்ள பகுதியும், நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகில் உள்ள பகுதியும். நன்றாகப் பழகிய குதிரைகூட, பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருபவரைத் தன்னைப் பிடிக்க வரும் விலங்காகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே பேசிக்கொண்டே, இடது தோள்பட்டைப் பக்கமாக அணுக வேண்டும். பின்புறம் கடந்து போக வேண்டுமானால் ஒன்று கையை அதன் முதுகின்மேல் வைத்தபடி உடம்போடு ஒட்டி நடக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று மீட்டருக்கு அப்பால் விலகி நடக்க வேண்டும். நடுவில் உள்ள தூரத்தில்தான் உதை முழு வேகத்தோடு விழும்.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சுற்றியிருக்கும்போது குதிரை மிரண்டால் விரல் போய்விடும். மிச்சக் கயிற்றை மடித்து உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். கட்டும்போது ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். அதையும் வளையத்தில் நேரடியாகக் கட்டாமல், வளையத்தில் மாட்டிய ஒரு சணல் இழையில் கட்ட வேண்டும். குதிரை பதறி இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் கற்றுத்தருவது இந்த முடிச்சை மட்டும்தான். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்த பிறகே மறுபாடம்.

செருப்போடு வரலாமா?

கூடாது. குதிகால் உள்ள, முன்பக்கம் கெட்டியான காலணி வேண்டும். குதிரைமேல் ஏறும்போது மட்டுமல்லாமல், முரட்டுக் குதிரையைக் கையில் பிடித்து நடத்தும்போதும் தலைக்கவசம் அணிவதை எங்கள் லாயத்தில் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

குதிரைக்கு என்ன தீவனம் கொடுக்கிறீர்கள்? கொள்ளு போதாதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நீண்ட விடை சொல்வது வழக்கம், ஏனென்றால் நம் பகுதியில் குதிரைகளுக்கு வரும் தொல்லைகளில் பல தீவனத்திலிருந்தே தொடங்குகின்றன.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிச் சொல்லி, குதிரைக்கும் கொள்ளுதான் முதன்மை உணவு என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. ஊறவைத்து வேகவைத்த கொள்ளு நல்ல புரதம்தான், ஆனால் அது ஊறுகாய்போலத் தொட்டுக்கொள்ள வேண்டியது. குதிரையின் வயிறு நார்ப்பொருளுக்காக அமைந்தது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு உலர்பொருள் தேவை என்று வைத்துக்கொண்டால், 450 கிலோ குதிரைக்கு 9 கிலோ. பசும்புல்லில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர் என்பதால், பசும்புல்லாகவே கொடுப்பதென்றால் 40 கிலோ அளவுக்குப் போகும். இவ்வளவையும் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் அதன் இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. தானியத்தை ஒரே வேளையில் இரண்டு கிலோவுக்கு மேல் கொட்டினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைக்கும் பசுந்தீவனம் கோ-4, கோ-5 ரகக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். மாட்டுக்கு அருமையான தீவனம். குதிரைக்கு இதை மட்டுமே ஆண்டுக்கணக்கில் கொடுத்தால், புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். கூடவே கோதுமைத் தவிட்டையும் அள்ளிக் கொடுத்தால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு குறைவு. உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவத் தொடங்கும். முக எலும்பு இருபுறமும் பொம்மிக்கொண்டு, இனம்தெரியாத நொண்டலோடு நிற்கும் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். கோளாறு தீவனத் தொட்டியில் இருந்தது.

இதற்கு மாற்று நம் கையருகிலேயே இருக்கிறது. குதிரைமசால் என்று நாம் பெயரிட்டு அழைக்கும் பயறுவகைத் தீவனத்தில் சுண்ணாம்பு நிறைய உண்டு. நேப்பியரோடு அதைக் கலந்து, உலர்ந்த புல்லையும் சேர்த்து, தவிட்டைக் குறைத்து, தாதுஉப்புக் கலவையைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்தால் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. பத்து நாள்களாவது எடுத்துக்கொண்டு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும்.

குதிரைக்கு வயிற்றுவலி என்றால் ஏன் எல்லோரும் இவ்வளவு பதறுகிறார்கள்?

மனிதருக்கு வயிற்றுவலி என்பது ஒரு தொல்லை. குதிரைக்கு அது உயிர்போகும் காரணங்களில் முதன்மையானது. கோலிக் என்று மருத்துவர்கள் சொல்வதை லாயத்திலும் அதே பெயரில்தான் சொல்கிறோம். முன்னங்காலால் தரையைப் பறிப்பது, விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, படுப்பதும் எழுவதுமாக இருப்பது, புரள்வது, லத்தி நின்றுபோவது ஆகியவை அறிகுறிகள்.

கடலோர லாயங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. மணல்தரையில் புல்லைப் போட்டால், குதிரை புல்லோடு மணலையும் உதட்டால் வாரித் தின்னும். அது குடலின் அடியில் தங்கித் தங்கிக் கனத்துப்போகும். இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. தரையைத் தொடாத லத்தியில் ஐந்தாறு உருண்டைகளை எடுத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு போட்டுக் கரைத்துத் தொங்கவிட வேண்டும். கால் மணி நேரத்தில் நார் மேலே நிற்கும். மணல் இருந்தால் பையின் மூலையில் கோடுபோலப் படியும். விரலால் நெருடினால் கரகரப்பு தெரியும்.

இதை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஐப்பசி அடைமழையில், சுல்தான் என்ற குதிரை மாலைத் தீவனத்தில் பாதியை மீதம் வைத்தது. மழைக்குச் சோம்பலாக இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு, ஏட்டில் எழுதாமல் படுக்கப் போனேன். இரவு இரண்டு மணிக்குக் கொட்டடிச் சுவரில் லாடம் மோதும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினால், உடம்பெல்லாம் வியர்த்து, படுத்துப் புரண்டுகொண்டிருந்தது. தாடை எலும்பின் அடியில் விரலை வைத்து நாடி எண்ணினேன்: நிமிடத்துக்கு 64. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். மருத்துவர் வந்து சேர நான்கு மணி ஆயிற்று. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுத் திரவப் பாரஃபின் செலுத்தினார். விடிந்த பிறகு முதல் லத்தியைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அடுத்த மூன்று நாள் லத்தியையும் பையில் கரைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மணல் இருந்தது. பிறகு புல் போடும் இடங்களுக்கு ரப்பர் விரிப்பு வாங்கினோம். மருத்துவர் சொன்னபடி மாதத்தில் சில நாள் இசப்கோல் உமியும் கொடுக்கிறோம்.

மருத்துவர் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியவை குறைவு. தீவனத்தை அகற்றுங்கள், நாடி, மூச்சு, பல் ஈறுகளின் நிறம், கடைசியாக லத்தி போட்ட நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்துத் தொலைபேசியில் சொல்லுங்கள், அமைதியாக நின்றால் நிற்கவிடுங்கள், முரட்டுத்தனமாகப் புரண்டால் மட்டும் மெதுவாக நடத்துங்கள். இஞ்சிச் சாறு, சோடா என்று எதையும் பாட்டிலில் ஊற்றி வாயில் திணிக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் வயிற்றுவலியிலிருந்து பிழைத்த குதிரை நிமோனியாவில் சாகும்.

சென்னை வெயிலைக் குதிரைகள் தாங்குமா?

உள்நாட்டு இனங்கள் ஓரளவு தாங்கும். பந்தயத்திலிருந்து வரும் தரோபிரெட் குதிரைகள் திணறும். அக்கினி நட்சத்திர நாள்களில் காலை வகுப்பை எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறோம். மாலை வகுப்பை ஐந்தரைக்குத் தொடங்குகிறோம். வேலை செய்யும் குதிரை கோடையில் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேலும் தண்ணீர் குடிக்கும். வியர்வையில் உப்பு நிறையப் போவதால் தீவனத்தில் உப்பு சேர்க்கிறோம். கழுத்தில் கடிவாள வார் உரசும் இடத்தில் சோப்பு நுரைபோலத் திரள்வதைக் கண்டு புதியவர்கள் பயப்படுவார்கள். குதிரையின் வியர்வையில் உள்ள ஒரு புரதத்தால் அப்படி நுரைக்கிறது, நோய் ஒன்றுமில்லை.

சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளும், தண்ணீர் குடிக்கவிட்டால் வயிற்றுவலி வரும் என்று பழைய சைஸ்கள் உறுதியாகச் சொல்வார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி, வெப்பமும் புழுக்கமும் மிகுந்த ஊரில் குதிரைகளை எப்படிக் காப்பது என்று நடந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தள்ளிவிட்டன. குளிர்ந்த நீரை உடம்பெங்கும் தொடர்ந்து ஊற்றுவதுதான் சூட்டை விரைவாக இறக்கும் வழி. குடிக்கவும் தடை வேண்டியதில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வியர்க்காத குதிரையைக் கண்டால்தான். வெப்பமான, ஈரமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வை மெல்ல மெல்ல நின்றுபோகும். மற்றவை நனைந்து நிற்கும்போது ஒன்று மட்டும் உலர்ந்த தோலோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால், அன்றே வேலையை நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் வேறு என்ன சிக்கல்?

குளம்பு. ஈரத்தில் ஊறிய படுக்கையில் நிற்கும் குதிரையின் உள்ளங்குளம்பில், நடுவே முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியின் பள்ளங்களில், கரிய பசை படிந்து அழுகல் வாடை வீசும். ஒருமுறை முகர்ந்தவர்கள் அந்த வாடையை மறக்க மாட்டார்கள். காலை மாலை இருவேளையும், வகுப்புக்கு முன்னும் பின்னும், குளம்புக் கொக்கியால் குதிகால் பக்கத்திலிருந்து நுனி நோக்கிச் சுரண்டிச் சுத்தம் செய்தால் இது பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் மருத்துவரிடமோ லாடக்காரரிடமோ கேட்டு மயில்துத்தக் கரைசல் போன்றவற்றைப் பயன்படுத்தலாம். அடியில் உலர்ந்த படுக்கை இல்லாமல் மருந்து மட்டும் போடுவது வீண்.

குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே லாடம் தேயாவிட்டாலும் ஐந்து ஆறு வாரங்களுக்கு ஒருமுறை கழற்றி, குளம்பை வெட்டி, மறுபடி அடிக்க வேண்டும். ஆணி உணர்ச்சியற்ற வெளிச்சுவரில்தான் இறங்குகிறது என்பதால் வலிக்காது. ஆணி ஒரு நூலளவு உள்ளே தவறினால் குதிரை அப்போதே காலை உதறிச் சொல்லிவிடும். சில நேரம் இரண்டு நாள் கழித்து நொண்டிச் சொல்லும். நல்ல லாடக்காரர்கள் குறைவு. எங்களிடம் வருபவர் குதிரையை முதலில் கெட்டித் தரையில் நடத்திப் பார்க்காமல் சுத்தியலைத் தொட மாட்டார்.

தீபாவளிக்கு என்ன செய்வீர்கள்?

ஒரு வாரம் முன்பிருந்தே கொட்டடியில் வானொலியைச் சத்தமாக வைத்துப் பழக்குகிறோம். அன்று மாலை ஐந்து மணிக்குள் எல்லாக் குதிரைகளையும் கொட்டடிக்குள் கொண்டுவந்து, கட்டிவைக்காமல் விட்டு, தெருப்பக்கச் சன்னல்களை அடைத்து, உலர்புல்லை வழக்கத்தைவிட மிகுதியாகப் போட்டு, காதில் பஞ்சு வைக்கச் சம்மதிக்கும் குதிரைகளுக்கு வைத்துவிடுகிறோம். மென்றுகொண்டிருக்கும் குதிரை ஓரளவு நிதானமாக இருக்கும். அன்றிரவு யாருக்கும் விடுப்பு கிடையாது. சேரும்போதே இதைச் சொல்லிவிடுவேன், மறைத்துப் பயனில்லை.

சேணம் கட்டுவது கடினமா?

கட்டுவது பத்து நாளில் வந்துவிடும்; சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்லத்தான் ஆண்டுகள் ஆகும். வயிற்று வாரை இழுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். கட்டி முடித்து நான்கு அடி நடத்தினால் காற்றை விட்டுவிடும், வார் தொளதொளவென்று தொங்கும். எனவே ஏறுவதற்கு முன் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். அந்த இரண்டாம் இழுப்பை மறந்ததால்தான் அங்கவடியில் கால்வைத்த மாணவர் சேணத்தோடு சேர்ந்து வயிற்றுக்கு அடியில் போவது.

சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். வியர்வை ஒரே சீராக நனைத்திருந்தால் நல்லது. நனைந்த முதுகின் நடுவே உள்ளங்கை அளவுக்கு உலர்ந்த திட்டு இருந்தால், அங்கே சேணம் அழுத்தி வியர்வையைத் தடுத்திருக்கிறது என்று பொருள். நாளை அங்கே வீக்கம் வரும், அடுத்த வாரம் புண் வரும், அதன்பின் அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். ஊர் ஊராகச் சவாரிக்கு விடப்படும் குதிரைகள் பலவற்றின் முதுகில் இந்த வெள்ளைத் திட்டுகளைக் காணலாம்.

எந்த இனக் குதிரைகளோடு வேலை செய்ய வேண்டியிருக்கும்?

பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட்கள், ஓரளவு மார்வாரி, கத்தியவாரி இனங்கள், குழந்தைகளுக்கான மட்டக்குதிரைகள். நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் காதுகளைக் கொண்டு மார்வாரியையும் கத்தியவாரியையும் அடையாளம் காணலாம். பந்தயக் குதிரைகளுக்குக் கடிவாளத்தில் சாய்ந்துகொண்டு ஓடுவதுதான் பழக்கம். இழுத்தால் நிற்கும் என்று நினைத்துப் புதியவர் லகானை இழுத்துப் பிடித்தால், அது இன்னும் வேகமாகப் போகச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்டவற்றை வகுப்புக்கு விடுவதற்கு முன் பல மாதங்கள் பழக்க வேண்டும்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு ஆண்டுதோறும் போய் வருகிறேன். அங்கே வாங்குவோர் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில், கழுத்தில், வயிற்றில் எங்கே சுழி இருக்கிறது என்று பார்த்தே விலை ஏறும், இறங்கும். கால் நேராக, குளம்பு கெட்டியாக, கண் தெளிவாக உள்ள ஒரு குதிரை சுழி சரியில்லை என்று விலைபோகாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். வாங்குகிற எங்களுக்கு அது வசதிதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குதிரையிடமிருந்து நமக்கு நோய் தொற்றுமா?

சில தொற்றும். படர்தாமரை சாதாரணமாக வரும், எளிதில் தீரும். கிளாண்டர்ஸ் என்பது அரிது, ஆனால் மனிதருக்கும் பரவி உயிரைப் பறிக்கக்கூடியது. மூக்கில் கெட்டியான சீழ், தோலில் முடிச்சு முடிச்சாகப் புண் ஆகியவை தெரிந்தால் வெறுங்கையால் தொடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இதை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். புதிய குதிரை வரும்போது இரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பதும், சில வாரங்கள் தனியே கட்டிவைப்பதும் இதற்காகத்தான்.

லாயத்து மண்ணில் இரணசன்னிக் கிருமி எப்போதும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குதிரைக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுகிறோம். உங்களுக்குப் போட்டிருக்கிறதா என்று சேரும் நாளிலேயே கேட்போம்; வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் கேட்போம்.

ஊதியம், பாதுகாப்பு பற்றி என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஊதியம் லாயத்துக்கு லாயம் வேறுபடும் என்பதால் தொகை எழுதுவதில் பொருளில்லை. ஆனால் தங்குமிடமும் சாப்பாடும் ஊதியத்தில் சேர்ந்ததா, தனியா என்பதை முதலிலேயே தெளிவாகக் கேளுங்கள். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கான இ.எஸ்.ஐ.யில் லாயம் பதிவு செய்திருக்கிறதா, இல்லையென்றால் விபத்துக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். இந்த வேலையில் எலும்பு முறிவு என்பது எப்போது என்ற கேள்விதான். நான் முதலில் வேலை செய்த வேறோர் இடத்தில் காலில் மிதிபட்டு மூன்று வாரம் படுத்திருந்தபோது, அந்த மூன்று வார ஊதியத்தையும் பிடித்துக்கொண்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் கேட்க வழியிருக்கவில்லை. ஒருவருக்கு எத்தனை குதிரை என்பதையும் கேளுங்கள். மூன்று நான்கு என்றால் ஒழுங்காகப் பார்க்கலாம். ஏழு எட்டு என்றால் குதிரையும் கெடும், உங்கள் முதுகும் கெடும்.

பெண்கள் இந்த வேலையைச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். பயிற்றுநர்களாகப் பலர் இருக்கிறார்கள், சைஸாகக் குறைவு. தடையாக இருப்பது உடல்வலிமையைவிட இரவுத் தங்குமிடமும் கழிப்பறையும் இல்லாததே. அவை இரண்டும் உண்டா என்று நேரில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கடிக்கிற, உதைக்கிற குதிரையை அடிக்கலாமா?

கூடாது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, அடியால் அந்தப் பழக்கம் நின்று நான் பார்த்ததில்லை. திடீரென்று கடிக்கத் தொடங்கிய குதிரைக்கு வயிற்று வார் படும் இடத்தில் புண், கூர்மையாகிப்போன கடைவாய்ப்பல், இரைப்பைப் புண் என்று ஏதோ ஒன்று இருப்பதையே பலமுறை கண்டிருக்கிறோம். எங்கள் மட்டக்குதிரை ஒன்று கடிவாளம் மாட்டும்போதெல்லாம் தலையைத் தூக்கி வீசும். திமிர் என்று எல்லோரும் சொன்னார்கள். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்து, கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்த பல்விளிம்பை அரத்தால் ராவிவிட்டார். அடுத்த வாரம் தலையைத் தானே தாழ்த்திக் கொடுத்தது.

இதில் மேலே போக வழி உண்டா?

சைஸிலிருந்து தலைமைச் சைஸ், மேற்பார்வையாளர், பயிற்றுநர் என்று போகலாம். லாடத்தொழில் கற்றால் தனியாகவே பிழைக்கலாம். போட்டிக் குதிரைகளைப் பராமரிப்போருக்கு வெளியூர், வெளிநாட்டு வாய்ப்புகள் உண்டு. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய டிரெசாஜ் அணி தங்கம் வென்றது. குதிரை தன் நடைகளைச் சவாரியாளரின் குறிப்புக்கேற்பச் சீராகச் செய்து காட்டும் போட்டி அது. ஆசிய விளையாட்டுக் குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் இதுதான். மேடையில் ஏறுவோர் பின்னால், விமானத்தில் குதிரையோடு பயணம் செய்து, அதன் காலுக்குக் கட்டுப்போட்டு, இரவில் நாடி பார்க்கும் ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

வயதான குதிரைகளை லாயம் என்ன செய்கிறது?

இதை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வாழும். வகுப்புக்குப் பயன்படுவது 20 வயது வரை என்று வைத்துக்கொண்டால், மிச்ச ஆண்டுகளுக்கு வருமானமில்லாமல் தீவனம் போட வேண்டும். சில லாயங்கள் தோட்டம் உள்ள பழைய மாணவர்களிடம் ஒப்படைக்கின்றன. சில விற்றுவிடுகின்றன, அப்படி விற்றவை கடற்கரைச் சவாரியிலோ வண்டியிலோ போய் முடிவதும் உண்டு. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் மற்ற விஷயங்களையும் சற்று உன்னிப்பாகப் பாருங்கள்.

எங்களிடம் ராணி என்ற 26 வயதுப் பெண்குதிரை இருக்கிறது. கடைவாய்ப்பற்கள் தேய்ந்துவிட்டதால் புல்லை மென்று சுருட்டித் துப்பிவிடும். அதற்காகக் குதிரைமசாலைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுக்கிறோம், நாளுக்கு ஐந்து வேளை. முதல் வேளைக்கு ஊறவைப்பது காலை 4.30 மணிக்கு. புதிதாகச் சேர்கிறவருக்கு நாங்கள் முதல் மாதம் கொடுக்கும் வேலை அதுதான்.